வாரம் 400 பக்கப் படங்கள்: கையால் செய்யும் வேலையை ஷெல் ஸ்கிரிப்டிடம் ஒப்படைப்பது எப்படி?

ஏட்டுப்பெட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நெல்லை மாவட்டத்தில் உள்ள ஒரு சிறு தனியார் நூலகத்தில் பழைய சிற்றிதழ்களை மின்னுருவாக்கும் பணிக்கு ஓய்வு நேரத்தில் உதவி வருகிறேன். சனிக்கிழமைதோறும் ஒருவர் தாங்கியில் பொருத்திய கேமராவால் பக்கங்களைப் படமெடுத்து, நினைவட்டையை என்னிடம் தருவார். வாரத்துக்கு 300 முதல் 400 படங்கள் சேரும். அவற்றை உபுண்டு (லினக்ஸ்) கணினியில் ஏற்றி, இதழின் பெயரும் ஆண்டும் பக்க வரிசையும் தெரியும்படி பெயர் மாற்றி, ஒவ்வோர் இதழையும் ஒரு பிடிஎஃப் ஆக்கி, எழுத்துணரியால் உரையைப் பிரித்தெடுத்து, எல்லாவற்றுக்கும் வெளி வன்தட்டில் ஒரு படி வைப்பது என் பொறுப்பு. இவ்வளவையும் சுட்டியால் சொடுக்கிச் சொடுக்கிச் செய்வதற்கு நான்கு மணி நேரம் ஆகிறது.

இதைக் குறைக்கலாம் என்று எண்ணிச் சென்ற மாதம் எங்கோ கண்ட ஒரு ஷெல் ஸ்கிரிப்டை (வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகளை எழுதிய கோப்பை) அப்படியே எடுத்து ஓட்டினேன். அடைவுகளுக்கு (கோப்புறைகளுக்கு) ‘ஆடி இதழ்’, ‘ஆவணி இதழ்’ என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருந்தேன். ‘ஆடி’ என்று ஒன்றும் ‘இதழ்’ என்று இன்னொன்றும் இருப்பதாக ஸ்கிரிப்ட் புரிந்துகொண்டு, அப்படி எதுவும் இல்லை என்று வரிசையாகப் பிழை காட்டியது. அது கூடப் பரவாயில்லை. இரண்டு நினைவட்டைகளிலும் படங்கள் 0001 என்ற எண்ணிலிருந்தே தொடங்கியிருந்ததால், இரண்டாம் அட்டையின் படங்கள் முதல் அட்டையின் படங்கள்மேல் ஏறி உட்கார்ந்து 118 பக்கங்கள் அழிந்துபோயின. அட்டைகளை அதற்குள் துடைத்துவிட்டோம். இதழ்த் தொகுப்பும் உரியவரிடம் திரும்பிவிட்டது. மீண்டும் கேட்டுப் பெறுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆகவே என் வேண்டுகோள் சற்று வேறானது. ஆயத்த ஸ்கிரிப்ட் எதையும் தயவுசெய்து ஒட்டாதீர்கள். புரியாமல் ஒட்டியதால் வந்த வினைதான் இது. எந்தக் கருவி என்ன செய்யும், எங்கே கவிழ்க்கும் என்பதைச் சொற்களால் விளக்கினால் நானே எழுதிக்கொள்வேன். இதனுடன் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தட்டச்சு செய்யப்பட்ட 612 உரைக் கோப்புகள் ஒரு குறுந்தகட்டில் கிடைத்துள்ளன. திறந்தால் தமிழுக்குப் பதில் குப்பையாகத் தெரிகின்றன. அவற்றையும் ஒரே வீச்சில் மாற்ற முடியுமா? குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போட்டுவிட்டால் எல்லாம் தானாகவே நடக்கும் என்று ஒரு நண்பர் சொல்கிறார், அது சரியா?

கருந்திரை

உங்களுக்கு நேர்ந்த இரண்டும் தனித்தனிப் பிழைகள். அவற்றைச் சேர்த்துப் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இடைவெளி. நாம் எழுதும் கட்டளைகளை வாசித்து ஓட்டும் நிரலான ஷெல், ஒரு கட்டளையை ஓட்டுவதற்கு முன் அந்த வரியைச் சொற்களாகப் பிரிக்கிறது. ஒரு மாறியின் (மதிப்பைத் தாங்கும் பெயரின்) மதிப்பை அவ்விடத்தில் இட்ட பிறகும் மீண்டும் ஒருமுறை இடைவெளி கண்ட இடங்களில் வெட்டுகிறது. இந்த இரண்டாவது வெட்டைத் தடுப்பது இரட்டை மேற்கோள் குறி மட்டுமே. எனவே கோப்புப் பெயர் தாங்கிய மாறியை எங்கே பயன்படுத்தினாலும் அதை இரட்டை மேற்கோளுக்குள் இடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையின் வெளியீட்டைச் சுற்றுக்குள் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதிக்குள்) கொடுத்து ஒவ்வொன்றாக எடுப்பது பலர் கற்றுத்தரும் முறை. அது முதல் இடைவெளியிலேயே உடைந்துவிடும். அதற்குப் பதில் உடுக்குறி (*) இட்ட பெயர்க்கோலத்தை நேரடியாகச் சுற்றுக்குக் கொடுத்தால் பெயர்கள் முழுமையாகவே வரும். அடைவுக்குள் அடைவாகத் தேட வேண்டுமானால் ‘ஃபைண்ட்’ கட்டளையை ‘-பிரிண்ட்0’ தெரிவுடன் ஓட்டி, அதன் வெளியீட்டை, பெயர்களை வாங்கி இன்னொரு கட்டளையிடம் கொடுக்கும் ‘எக்ஸார்க்ஸ் -0’ என்பதற்குக் குழாய் வழியாக அனுப்புங்கள். அப்போது பெயர்களைப் பிரிப்பது இடைவெளியோ வரிமுறிவோ அன்று, சுழிய பைட். கோப்புப் பெயருக்குள் ஒருபோதும் வர முடியாதவை அந்தப் பைட்டும் சாய்கோடும் மட்டுந்தான்.

இரண்டாவது, மேலெழுதல். பெயர் மாற்றும் ‘எம்வி’, படியெடுக்கும் ‘சிபி’ ஆகிய இரண்டும் இலக்கில் அதே பெயரில் கோப்பு இருந்தால் வாய் திறக்காமல் அதை அழித்துவிட்டுத் தம் வேலையைச் செய்யும். ‘-என்’ தெரிவு கொடுத்தால் இருப்பதைத் தொடாது. ‘-ஐ’ கொடுத்தால் கேட்டுக்கொண்டு செய்யும். ஆனால் உங்கள் நிலையில் நான் இவற்றை மட்டும் நம்ப மாட்டேன். கேமராவின் எண் வரிசை 9999ஐத் தாண்டினால் தொடக்கத்துக்கே திரும்பிவிடும். அட்டையை மாற்றினாலும் அமைப்பைப் பொறுத்து 0001இலிருந்து தொடங்கலாம். அதாவது அந்த எண் ஒரு படத்தின் அடையாளமே அன்று. படத்துக்குள் பதிந்துள்ள எடுத்த நேரம்தான் அதைவிட நம்பத் தக்கது. ‘எக்சிஃப்டூல்’ அந்த நேரத்தை வாசித்து அதையே பெயராக வைக்கும்; ஒரே நொடியில் இரு படங்கள் இருந்தால் பின்னொட்டாக எண் சேர்க்கவும் அதனிடம் வழியுண்டு. முதலில் எல்லாப் படங்களையும் நேரப்பெயருக்கு மாற்றுங்கள், பின்பு அந்த வரிசையில் இதழ்ப் பெயரும் வரிசை எண்ணும் கொடுங்கள். வரிசை எண்ணை 001, 002 என்று மூன்று இலக்கமாக நிரப்பி எழுதாவிட்டால் 10ஆம் பக்கம் 2ஆம் பக்கத்துக்கு முன்னால் போய் நிற்கும். அச்சிட்ட பக்க எண்ணைப் பெயரில் வைக்காதீர்கள். அட்டைக்கும் விளம்பரத் தாள்களுக்கும் எண் இருக்காது. சிற்றிதழ்களில் ஒரே எண் இருமுறை அச்சாகியிருப்பதும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அட்டையிலிருந்து வந்த படங்களை ‘மூலம்’ என்ற அடைவில் படியெடுத்து, ‘ஷா256சம்’ கட்டளையால் ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகைப் பட்டியல் ஒன்று எடுத்து வையுங்கள். அதே கட்டளையை ‘-சி’ தெரிவுடன் அந்தப் பட்டியலின்மேல் எப்போது ஓட்டினாலும், எந்தக் கோப்பு மாறியது, எது காணாமற்போனது என்று சொல்லிவிடும். அந்தச் சோதனை தேறிய பிறகே அட்டையைத் துடைக்கலாம். ‘மூலம்’ அடைவைப் பூட்டும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்றிருக்கிறது: கோப்புகளின் எழுதும் உரிமையை மட்டும் நீக்கினால் போதாது. யுனிக்ஸ் வழியில் ஒரு கோப்பை நீக்கவோ பெயர் மாற்றவோ தேவைப்படுவது அதைத் தாங்கியுள்ள அடைவின் எழுதும் உரிமை. ஆகவே உரிமைகளை மாற்றும் ‘சிஎச்மாட்’ கொண்டு அடைவின் உரிமையையும் நீக்க வேண்டும்.

எழுதிய ஸ்கிரிப்டை முதன்முறை ஓட்டும்போது ‘எம்வி’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘எக்கோ’ என்று சேர்த்து ஓட்டுங்கள். எதையும் செய்யாமல், செய்யவிருப்பதைத் திரையில் எழுதிக் காட்டும். 400 வரிகளையும் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘எக்கோ’வை எடுங்கள். ‘ஷெல்செக்’ என்ற கருவியை நிறுவிக்கொண்டால், விட்டுப்போன மேற்கோள் குறிகளை அது வரி எண்ணோடு சுட்டிக்காட்டும்.

இன்னொன்று. 2015 ஜனவரியில் லினக்சுக்கான ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளின் தொடக்க ஸ்கிரிப்டில் ஒரு பிழை வெளிப்பட்டது. அடைவின் பெயர் தாங்க வேண்டிய மாறி சில சூழல்களில் வெற்றாகிவிட, அதை அடுத்து வந்த சாய்கோடும் உடுக்குறியும் மட்டும் எஞ்சி, பயனருக்கு எழுதும் உரிமை உள்ள எல்லாவற்றையும் ‘ஆர்எம்’ அழிக்கத் தொடங்கியது. ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -யு’ என்று எழுதிவிட்டால் இத்தகையவை நேராது என்று பலர் நினைக்கிறார்கள். அது மதிப்பே தரப்படாத மாறியைத்தான் பிடிக்கும், வெற்று மதிப்பு தரப்பட்ட மாறியைப் பிடிக்காது. மாறியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இட்டு நெளிவடைப்புக்குள் எழுதினால், மதிப்பு வெற்றானாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். அழிக்கும் கட்டளை எதிலும் இந்த வடிவத்தைத் தவிர வேறெதையும் எழுதாதீர்கள்.

குறுவழி

இவ்வளவு மேற்கோள் குறிகளைக் காவல் காப்பதற்குப் பைத்தான் கற்றுக்கொண்டால் வேலை எளிது. அங்கே இடைவெளி ஒரு சிக்கலே அன்று.

வரிசைமாறி

குறுவழி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இந்த வேலையில் முக்கால் பங்கு வெளிக் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக அழைப்பதுதான். அதற்கு ஷெல் இயல்பான இடம். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக இணைக்க வேண்டும் என்று டக் மெக்கில்ராய் பெல் ஆய்வகத்தில் வலியுறுத்திவந்து, 1973இல் கென் தாம்சன் யுனிக்சில் குழாயைச் சேர்த்ததும் இத்தகைய இணைப்புக்காகவே. நிபந்தனைகளும் பட்டியல்களும் பெருகி ஸ்கிரிப்ட் 100 வரியைத் தாண்டும்போது பைத்தானுக்கு மாறுவது என் வழக்கம்.

பிடிஎஃப் பகுதிக்கு வருகிறேன். படங்களைத் திருத்த இமேஜ்மேஜிக் தொகுப்பைப் பயன்படுத்துவீர்கள் என்றால் ‘மோக்ரிஃபை’ கட்டளையின் பக்கம் போகாதீர்கள். அது மூலக் கோப்பின்மேலேயே எழுதும். அதே தொகுப்பின் ‘கன்வர்ட்’, புதிய பதிப்பில் ‘மேஜிக்’, வேறு அடைவில் புதுக் கோப்பாக எழுதித் தரும். படங்களைப் பிடிஎஃப் ஆக்க ‘இமேஜ்2பிடிஎஃப்’ என்று வாசிக்கத்தக்க, ஐஎம்ஜி என்று தொடங்கும் கருவி இருக்கிறது. அது ஜேபெக் படத்தை மறுபடி சுருக்காமல் உள்ளபடியே பொதிவதால் தரம் குறையாது. எழுத்துணரிக்கு டெசராக்ட் போதும். தமிழுக்கான பயிற்சித் தரவு உபுண்டுவில் தனிப் பொதியாக இருப்பதால் அதையும் நிறுவ வேண்டும். ‘ஓசிஆர்மைபிடிஎஃப்’ என்னும் கருவி டெசராக்டை உள்ளே அழைத்து, பக்கப் படத்தின் பின்னே தேடத்தக்க உரையடுக்கைச் சேர்த்து, தனி உரைக் கோப்பையும் தரும். பழைய ஈய அச்சில் வந்த இதழ்களில் பழைய லை, ளை, னை வடிவங்கள் இருக்கும். அங்கே பிழைகள் மிகும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை மிச்சப்படுத்த ‘எக்ஸார்க்ஸ்’ கட்டளையின் பெரிய ‘-பி’ தெரிவால் நான்கு படங்களை ஒரே நேரத்தில் டெசராக்டுக்கு அனுப்பலாம். இதைச் செய்து பார்த்துவிட்டு வேகம் கூடவே இல்லை என்று புலம்புவோர் பலர். டெசராக்ட் தானே தன் வேலையைப் பல இழைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டுவதுதான் காரணம். நான்கு டெசராக்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ‘ஓஎம்பி’ என்று தொடங்கும் இழை வரம்புச் சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்துவிட்டு ஓட்டினால் வேறுபாடு உடனே தெரியும்.

எனக்குப் பிடித்த வழி இதையெல்லாம் ஸ்கிரிப்டாக எழுதாமல் ‘மேக்’ கருவியிடம் கொடுப்பது. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் நிரல்களைத் தொகுப்பதற்காக எழுதிய கருவி அது. ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் இன்ன கோப்பிலிருந்து இன்ன கோப்பு பிறக்க வேண்டும் என்பதும், மூலம் புதியதாகவும் விளைவு பழையதாகவும் இருந்தால் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்பதுந்தான். 400 படங்களில் 250ஆவது படத்தில் மின்சாரம் போய்விட்டால், மறுபடி ‘மேக்’ என்று தட்டினால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரும். விளைவைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுமையாக முடிந்த பின் உரிய பெயருக்கு ‘எம்வி’ செய்யும்படி விதியை எழுதுங்கள். இல்லாவிட்டால் பாதி எழுதிய கோப்பை முடிந்ததாக அது நம்பிவிடும். ஒரு குறை, கருந்திரை அவர்கள் சிரிக்கலாம்: இடைவெளி உள்ள கோப்புப் பெயர்களை ‘மேக்’ அறவே தாங்காது. ஆகவே பெயரில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு இடுவதே நல்லது.

திஸ்கிதாசன்

குறுந்தகட்டுக் கோப்புகள் பற்றி எவரும் இன்னும் பேசவில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டியவை என்றால் குறைந்தது மூன்று வகைக் குறிமுறைகள் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடுகள்) கலந்திருக்க வாய்ப்புண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்னுரைகள் பல வெளிவந்த திஸ்கி ஒன்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறிமுறைகள் இன்னொன்று. பாமினி போன்ற எழுத்துருக்கள் மூன்றாவது.

திஸ்கி எழுத்தின் உருவத்தை அடிப்படையாகக் கொண்டது. ‘கெ’ என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிவதால் கோப்பிலும் கொம்பே முன்னால் இருக்கும். இன்றைய பொதுக் குறிமுறையான யுனிகோடில் ககரம் முன்னும் கொம்பு பின்னும் சேமிக்கப்படும். ஆகவே உரையில் எழுத்துகளை மாற்றும் ‘செட்’ (எஸ்-ஈ-டி) கட்டளையால் ஒன்றுக்கு ஒன்று எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, இடத்தையும் மாற்ற வேண்டும். நல்வாய்ப்பாக லினக்சின் ஜிலிப்சி நூலகத்தோடு வரும் ‘ஐகான்வ்’ கட்டளைக்குத் திஸ்கி தெரியும். எந்தக் குறிமுறையிலிருந்து என்பதை ‘-எஃப்’ தெரிவிலும், எதற்கு என்பதை ‘-டி’ தெரிவிலும் சொன்னால் யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவாக மாற்றித் தந்துவிடும்.

ஆபத்து எங்கே என்றால், கோப்பு திஸ்கி இல்லாவிட்டாலும் பல நேரங்களில் ‘ஐகான்வ்’ முறையிடாது. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் வெறும் ஆங்கில விசைகளாகவே கோப்பில் இருக்கும். திஸ்கியின் கீழ்ப்பாதி ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறிமுறையேதான் என்பதால், அந்தக் கோப்பு எந்த மாற்றமுமின்றி அந்தப் பக்கம் வெளியே வரும். ஸ்கிரிப்டோ வெற்றி என்று சொல்லும். எனவே மாற்றுவதற்கு முன், 127க்கு மேற்பட்ட பைட் ஒன்றுகூட இல்லாத கோப்புகளை, உரைக்குள் தேடும் ‘கிரெப்’ கட்டளையின் பெரிய ‘-எல்’ தெரிவால் பட்டியலிட்டு ஒதுக்குங்கள். அவை பாமினி வகையாகவோ ஆங்கிலமாகவோ இருக்கும். மாற்றிய பின், ‘ஒரு’, ‘என்று’, ‘அந்த’ ஆகிய மூன்றில் ஒன்றேனும் வராத கோப்புகளை அதே பெரிய ‘-எல்’ கொண்டு மறுபடி பட்டியலிடுங்கள். இரண்டு பக்கம் நீளும் தமிழ் உரைநடையில் இம்மூன்றும் இல்லாமலிருப்பது அரிது. பட்டியலில் விழுபவை திஸ்கி அல்லாதவை என்று கொள்ளலாம். பாமினி, டாப், டாம் மூன்றையும் மாற்றுவதற்குப் பைத்தானில் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற நூலகம் இருக்கிறது. இந்த ஓரிடத்தில் குறுவழியின் பேச்சைக் கேளுங்கள்.

அந்த மூன்று சொற்களை நான் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே; ‘கிரெப்’ கண்ணுக்கோ வேறு வேறு. ‘கொடி’ என்று தேடினால் பாதிக் கோப்புகள் அகப்படாமல் போகும். ஐசியூ தொகுப்பில் உள்ள ‘யுகான்வ்’ கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே குறியாக எழுதும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்தால் இது தீரும். ஔகாரம் மட்டும் தீராது: தட்டச்சு செய்தவர் ‘ஒ’ எழுதி அருகில் ளகரத்தை வைத்திருந்தால், அது ‘ஔ’ ஆகாது என்பதே யுனிகோடின் விதி. அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

நாழிகை

கிரானைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நினைவட்டையைச் செருகுவதும், எந்த இதழ் என்று சொல்வதும் மனிதர் செய்வது; அதைக் கிரானில் போட ஒன்றுமில்லை. வன்தட்டில் படியெடுக்கும் வேலையை மட்டும் ‘ஆர்சிங்க்’ கொண்டு எழுதிக் கிரானிடம் விடலாம்.

வன்தட்டைச் செருக மறந்த நாளில் அது பொருந்த வேண்டிய அடைவு வெறுமையாக இருக்கும். ‘ஆர்சிங்க்’ தயங்காமல் அதற்குள் எழுதிக் கணினியின் சொந்த வட்டை நிரப்பும். ஸ்கிரிப்டின் முதல் வேலையாக ‘மவுண்ட்பாயிண்ட்’ கட்டளையால் தட்டு உண்மையில் பொருந்தியுள்ளதா என்று பார்த்து, இல்லையேல் வெளியேறிவிட வேண்டும். இதைவிடக் கொடியது எதிர்த்திசையில் நடப்பது: மூல அடைவு எதனாலோ வெறுமையாகி, ‘--டெலீட்’ தெரிவும் இருந்தால், காப்புப் படியும் கீழ்ப்படிதலோடு வெறுமையாகிவிடும். அந்தத் தெரிவைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் நீக்கப்படுபவை தேதியிட்ட தனி அடைவுக்குப் போகும்படி ‘--பேக்கப்’, ‘--பேக்கப்-டிர்’ ஆகிய இரு தெரிவுகளையும் சேர்த்து அமையுங்கள். மூல அடைவின் பெயருக்குப் பின் சாய்கோடு இட்டால் உள்ளடக்கம் மட்டும் போகும், இடாவிட்டால் அடைவே போகும். ‘-என்’ தெரிவால் ஒத்திகை பார்த்து எது நடக்கிறது என்று உறுதி செய்யுங்கள்.

முனையத்தில் ஓடிய ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாமல் போவது எல்லாருக்கும் ஒருமுறை நேரும். அங்கே கட்டளைகளைத் தேடும் பாதை மிகக் குறுகியது. தமிழ் எழுத்துகளை அறியும் மொழிச்சூழலும் பெரும்பாலும் அமைந்திருக்காது. உபுண்டுவில் வரியை ஓட்டுவது முனையத்தில் உள்ள பேஷ் என்னும் ஷெல் அன்று, டேஷ் என்னும் வேறு ஷெல். கிரான் அட்டவணைக்குள் விழுக்காட்டுக் குறி வரிமுறிவாகக் கொள்ளப்படும் என்பதால், அக்குறி கொண்டு அமைக்கும் தேதியை அங்கே எழுதாமல் ஸ்கிரிப்டுக்குள் எழுதுங்கள். குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் கிரான் அன்றைய வேலையை மறந்துவிடும். சனிக்கிழமை மட்டும் திறக்கும் கணினிக்கு, கிரானுக்கு மாற்றான, ‘பெர்சிஸ்டன்ட்’ அமைப்பை இயக்கிய சிஸ்டம்டி டைமரே ஏற்றது. தவறிய வேலையை அடுத்த முறை கணினி எழுந்ததும் செய்துவிடும்.

ஏட்டுப்பெட்டி

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அட்டையிலிருந்து படியெடுத்துக் கைரேகை சரிபார்ப்பது ஒரு ஸ்கிரிப்ட், நேரப்பெயரும் வரிசை எண்ணும் தருவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து 60 வரிகள்கூட இல்லை. பிடிஎஃப், எழுத்துணரி வேலைகளை ‘மேக்’கிடம் கொடுத்துவிட்டேன். நான் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் இப்போது 40 நிமிடம். அதிலும் பாதி, ‘எக்கோ’ எழுதிக் காட்டும் வரிகளைப் பார்ப்பதில் போகிறது. அதைக் குறைக்க எனக்கு மனமில்லை. முதல் வாரமே அது உதவியது: கேமராவின் கடிகாரம் பின்தங்கி இருந்ததால், அன்று எடுத்த இதழ் முந்தைய இதழின் நடுவே போய்ச் சேரவிருந்தது.

612 கோப்புகளில் 431 திஸ்கியாக இருந்தன, சரியாக மாறிவிட்டன. 140 பாமினி, அவையும் ‘ஓப்பன்-தமிழ்’ வழியாகத் தேறின. எஞ்சிய 41 கோப்புகளில் 127க்கு மேற்பட்ட பைட்டுகள் உள்ளன, ஆனால் திஸ்கியாகவோ டாபாகவோ டாமாகவோ மாற்றினால் சொற்கள் உருவாகவில்லை. என்ன செய்யலாம்?

திஸ்கிதாசன்

அந்த 41இல் சிறிய ஒன்றை ‘எக்ஸ்எக்ஸ்டி’ கட்டளையால் பதினறும எண்களாகப் பார்த்து, முதல் 20 வரிகளை இங்கே இடுங்கள். உடன் எழுத்துருக் கோப்பு ஏதேனும் குறுந்தகட்டில் இருக்கிறதா என்றும் ‘ஃபைண்ட்’ கொண்டு தேடிப் பாருங்கள். அக்காலத்தில் தட்டச்சு செய்தவர்கள் எழுத்துருவையும் அதே தகட்டில் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அது கிடைத்துவிட்டால் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை நாமே எழுதிவிடலாம்.